தண்ணீராய் இருந்த கல்

வடக்கு ஜெர்மனியில், ஹில்டஸ்ஹைம் பேராலயத்தில் ஒரு மெல்லிய தூண் இருக்கிறது. கூரையைத் தாங்க வைத்த தூண் அல்ல. மெழுகுவத்தி ஏற்றுவதற்கென்று தனியே நிறுத்திய விளக்குத் தூண். பழுப்பு நிறம். உற்றுப் பார்த்தால் அந்தப் பழுப்புக்குள் தேன் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் நூல் நூலாகக் கோடுகள். ஊர்க்காரர்கள் அதை இர்மன் தூண் என்று அழைத்தார்கள். கிறித்தவம் வருவதற்கு முன் சாக்சன் குடிகள் வழிபட்ட 'இர்மின்சுல்' என்ற புனிதத் தூணை 772இல் மன்னர் சார்லமேன் சாய்த்தார் அல்லவா, அந்தத் தூணின் மிச்சம்தான் இது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

அப்படி இருக்க வழியில்லை. 9ஆம் நூற்றாண்டில் ஃபுல்டா மடத்துத் துறவி ருடால்ஃப் எழுதி வைத்தபடி, இர்மின்சுல் நிமிர்த்தி நட்ட பெரிய மரம். ஹில்டஸ்ஹைமில் இருப்பதோ கல். ஆனால் எந்த மலையிலும் வெட்டி எடுத்த கல் அல்ல. அதற்குப் பாறை என்ற பிறவியே இல்லை. சுமார் 300 கிலோமீட்டர் தென்மேற்கே, ஐஃபெல் என்ற மேட்டுநிலத்தில், தரைக்கு அடியில் ஓடிய ஒரு கால்வாயின் சுவரில் அது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்தது. வளரும்வரை அதற்குத் தூணாகும் உத்தேசம் யாரும் வைத்திருக்கவில்லை. அதை வளர்த்த தண்ணீருக்கு ஒரு நகரத்துக்குப் போய்ச் சேருவது ஒன்றுதான் வேலையாக இருந்தது.

என்னைக் கேட்டால், கட்டுக்கதையைவிட இந்த நிஜமே பெரிய அதிசயம். அந்தக் கல்லின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐஃபெல் ஜெர்மனியின் மேற்கு எல்லையோரம், ரைன் நதிக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவில் கிடக்கும் மேட்டுநிலம். பெரிய மலைகள் இல்லை. மேய்ச்சல் வெளிகள், பீச் மரக் காடுகள், பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சிறு கிராமங்கள், சரிவுகளில் குறுக்கும் நெடுக்குமாக நடைபாதைகள். நடப்பவர்களுக்காகவே படைத்த நிலம்போல் இருக்கும். 1888இல் தொடங்கிய ஐஃபெல் சங்கம் இன்றும் அங்கே பாதைகளுக்கு அடையாளம் தீட்டி வருகிறது. இந்த மேட்டின் வடபகுதியில், உர்ஃப்ட் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில் நெட்டர்ஸ்ஹைம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் இயற்கை மையத்தில் பவளப் புதைபடிவங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் பவளம் எப்படி வந்தது? சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் இருந்தது. பவளங்கள் திட்டுத்திட்டாக வளர்ந்தன, செத்தன, இறுகின. கடல் போனது, சுண்ணாம்புக்கல் மிஞ்சியது. நம் தூணுக்குப் பூர்வீகம் அந்தப் பவளத்திட்டுதான்.

அந்தக் கல்லை மறுபடி தண்ணீராக்கியது மழை. காடுகளில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. நாக்குக்குத் தெரியாத அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லுக்குப் போதும். விரிசல் விரிசலாக இறங்கி, கல்லைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாமல் சுமந்துகொண்டு, பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. பார்த்தால் கண்ணாடி. காய்ச்சினால்தான் பானை அடியில் வெள்ளையாய்ப் படிந்து அது யார் என்று தெரியும்.

இந்தத் தண்ணீர் தன்னிச்சையாக விட்டாலே என்ன கட்டும் என்பதைப் பார்க்க நெட்டர்ஸ்ஹைமிலிருந்து கொஞ்சம் வடக்கே, ஐசர்ஃபை, டிரைம்யூலன் கிராமங்களின் பக்கம் போக வேண்டும். காட்டுக்கு நடுவே கோட்டைச் சுவர்போல் ஒரு பாறை எழும்பி நிற்கிறது. பெயர் கார்ட்ஸ்டைன். அதற்குள் காகுஸ் குகை. காகுஸ் என்ற அரக்கன் அதில் குடியிருந்தான் என்பது ஊர்க்கதை. அரக்கனுக்கு வெகுகாலம் முன்பே நியாண்டர்தால் மனிதர்கள் அங்கே தங்கிப் போனதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பாறை முழுவதும் ஊற்று நீர் கக்கிய சுண்ணாம்பு. இலை, பாசி, கிளை எது குறுக்கே வந்தாலும் அதன்மேல் படிந்து படிந்து, சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவான குன்று. கையை வைத்துப் பார்த்தால் பஞ்சுபோல் துளை துளையாக இருக்கிறது. அதே தண்ணீர்தான் ரோமானியரின் கால்வாயில் துளையே இல்லாத, வாள் வைத்து அறுக்கத் தகுந்த, இறுகிய கல்லைச் செய்தது. வெளியில் ஓடினால் பஞ்சு. இருட்டில், ஒரே வேகத்தில், வழவழப்பான சுவரை உரசிக்கொண்டு ஓடினால் பளிங்கு.

அந்த இருட்டுக்குள் அதைக் கொண்டுபோனது கொலோன் நகரத்தின் தாகம்.

ரைன் கரையிலிருந்த அந்த ஊர் கி.பி. 50இல் ரோமானியக் குடியேற்ற நகரமாகத் தகுதி உயர்ந்தது. பேரரசர் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா அங்கே பிறந்தவள். நகரத்தின் நீண்ட லத்தீன் பெயரில் அவள் பெயரும் சேர்ந்திருந்தது. பக்கத்திலேயே அகன்ற நதி ஓடினாலும் ரோமானியர் குடிநீருக்கு ஊற்றைத்தான் தேடினார்கள். முதலில் நகருக்கு மேற்கேயுள்ள ஃபில்ல மேட்டின் ஊற்றுகளிலிருந்து தண்ணீர் வந்தது. அது போதவில்லை, மனத்துக்கும் பிடிக்கவில்லை. கி.பி. 80, 90 வாக்கில் ஐஃபெல் ஊற்றுகளையே இழுத்து வரத் துணிந்தார்கள். முதன்மைக் கால்வாயின் நீளம் 95 கிலோமீட்டர். கிளைகளையும் சேர்த்தால் சுமார் 130. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ரோமானியர் அமைத்த நீர்வழிகளில் இது முன்னணியில் நிற்பது.

ஏன் அவ்வளவு தூரம்? பாரம் மிகுந்த, சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரை அவர்கள் நல்ல தண்ணீர் என்று மதித்தார்கள். ஓர் ஊற்றின் குணத்தை அறிய அதைக் குடித்து வளர்ந்த மக்களின் உடற்கட்டையும் மேனி நிறத்தையும் கண்களையும் பாருங்கள் என்று எழுதினார் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். ஈயக் குழாயில் வரும் நீர் உடம்புக்குக் கேடு என்றும் அவரே எச்சரித்திருக்கிறார். சுண்ணாம்பு நீர் ஓடும் ஈயக் குழாயின் உள்ளே ஓர் ஏடு படிந்து, ஈயத்தைத் தண்ணீரோடு சேரவிடாமல் தடுத்தது. நகரத்துக்குள் அந்தப் படிவு ஒரு கவசம். வழியில் கால்வாய்க்குள் அதுவே வேறொரு கதை.

இன்று அந்தக் கால்வாயின் தடத்திலேயே, நெட்டர்ஸ்ஹைமிலிருந்து கொலோன் வரை, 'ரோமர் கால்வாய் நடைபாதை' போகிறது. 116 கிலோமீட்டர், 7 நாள் நடை. வழிநெடுக விளக்கப் பலகைகள். தண்ணீர் போன திசையிலேயே நடப்பதுதான் முறை.

தொடங்குமிடம் உர்ஃப்ட் பள்ளத்தாக்கில் 'க்ரூனர் ப்யூட்ஸ்' என்ற ஊற்று. பசுங்கிணறு என்று சொல்லலாம். சரிவின் அடியில் ஓர் எளிய கல் தொட்டி, அவ்வளவுதான். பேரரசின் ஆடம்பரத்தை எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அந்த அடக்கம்தான் பிடித்தது. மலைச் சரிவில் கசியும் தண்ணீரைச் சிந்தாமல் சேர்ப்பதற்குச் சாந்து பூசாத கற்களை அடுக்கி ஒரு கசிவுக் கால்வாய், அதிலிருந்து தொட்டிக்கு, தொட்டியில் மணல் தங்கித் தெளிந்த பிறகு கால்வாய்க்கு. கால்முத் கிராமத்தருகே க்ளவுஸ்ப்ருன்னன் என்ற இன்னொரு ஊற்றறையைத் தோண்டி எடுத்து, மேலே கூரை போட்டுக் காக்கிறார்கள்.

கால்வாயின் உள்ளகலம் சுமார் 70 சென்டிமீட்டர், உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். குனிந்தால் ஒரு மனிதன் போகலாம். பராமரிப்புக்கு அப்படித்தான் போனார்கள், இறங்குவதற்கு இடையிடையே குழிகள் வைத்திருந்தார்கள். முக்கால்வாசிக்கும் மேல் தரைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் அடியில் ஓடியது. ஐஃபெல் குளிர் அப்படி. திறந்து விட்டால் தண்ணீர் பாதி வழியில் உறைந்துவிடும். அடிப்பாகம் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து வார்த்தது. அதன்மேல் உட்புறம் இளஞ்சிவப்புப் பூச்சு: இடித்த செங்கல்லைச் சுண்ணாம்போடு குழைத்த சாந்து. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அதேதான். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். மேலே கல் வளைவு. வளைவு நிற்பதற்குப் பலகைச் சாரம் கட்டி, சாந்து இறுகிய பின் பிரித்தார்கள். பலகைகள் என்றைக்கோ மட்கிப் போயின. ஆனால் வளைவின் உட்புறச் சாந்தில் அந்தப் பலகைகளின் மரரேகைகள் அப்படியே பதிந்திருக்கின்றன. 1,900 ஆண்டுகளுக்கு முன் வெட்டுண்ட ஒரு மரத்தின் ரேகையை இன்று விரலால் தடவலாம். இந்தப் பாதையில் என் மனத்தை முதலில் நிறுத்தியது அதுதான்.

வாட்டம் கொடுத்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தண்ணீரைத் தள்ளுவதற்கு எந்த இயந்திரமும் இல்லை, சரிவு மட்டும்தான். சரிவு கூடினால் தண்ணீர் பூச்சை அரித்துவிடும், குறைந்தால் தேங்கும். சில பகுதிகளில் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே இறக்கம். வளைந்து வளைந்து போகும் மலைச் சரிவில், பல குழுக்கள் பல இடங்களில் ஒரே சமயத்தில் தோண்டி வர, அந்த ஒரு மீட்டரைப் பிசகாமல் காப்பாற்ற வேண்டும். கையில் இருந்தது விட்ருவியஸ் விவரித்த 'கோரோபாட்டிஸ்' போன்ற கருவி: நீண்ட மரச் சட்டம், அதில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்க ஒரு பள்ளம். இன்றைய ரசமட்டத்தின் பாட்டி.

இதில் மிகவும் துணிச்சலான முடிவு நிலப்படத்தைப் பார்த்தால்தான் புரியும். உர்ஃப்ட் ஆறு ரைனுக்குப் போவதில்லை. அது ரூர் ஆற்றோடு சேர்ந்து, மாஸ் நதிக்கு, நெதர்லாந்துக்குப் போகிற தண்ணீர். கொலோனோ ரைன் கரையில். ஆகவே மாஸ் வடிநிலத்துத் தண்ணீரை நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி ரைன் வடிநிலத்துக்கு மாற்ற வேண்டும். கால் என்ற ஊரின் அருகே, சரிவில் தொற்றிக்கொண்டே வந்து, மேடு தாழும் இடம் பார்த்துக் கால்வாய் தாண்டிவிடுகிறது. சுரங்கம்கூடக் குடையவில்லை. நடந்து போகும்போது அங்கே கவனிக்கும்படி ஒன்றுமில்லை, வயலும் வேலியும்தான். ஒரு கூட்டம் தண்ணீரின் தலையெழுத்தே மாறிய இடம் அது.

ஐசர்ஃபையில் ஒரு வட்டத் தொட்டி. பல ஊற்றுக் கிளைகள் அங்கே கூடின. ஃபுஸ்ஸம் கிராமத்தில் குறுக்கே வந்த ஒரு சிறு பள்ளத்தைக் கடக்க சுமார் 80 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். அதில் ஒரு பகுதியைத் திரும்ப எழுப்பி வைத்திருக்கிறார்கள், பார்க்கலாம். இதைவிடப் பெரிது, ரைன்பாஹுக்கும் மெக்கன்ஹைமுக்கும் இடையில் ஸ்விஸ்ட் ஓடையைத் தாண்டிய பாலம்: 1,400 மீட்டர் நீளம், 295 வளைவுகள். அதில் ஒரு வளைவும் இன்று இல்லை. அந்தக் கல் எங்கே போயிற்று என்பது பின்னால் வரும்.

நாளொன்றுக்கு சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர் இப்படிக் கொலோனுக்குப் போய்ச் சேர்ந்தது. குளிப்பு மண்டபங்களுக்கும் தெரு ஊற்றுகளுக்கும் வசதியானவர்களின் வீடுகளுக்கும்.

போகிற வழியில் அது சும்மா போகவில்லை. பூமிக்குள் நெருக்கமாக அடைபட்டுக் கிடந்த கரியமில வாயு, கால்வாயின் காற்றைக் கண்டதும் மெல்லப் பிரிந்தது. வாயு போகப் போக, அதன் பலத்தில் கரைந்திருந்த சுண்ணாம்புக்குத் தண்ணீரில் இடமில்லை. சுவரில் ஒட்டியது. ஒரு பருவத்தில் ஒரு நிறம், மறு பருவத்தில் இன்னொரு நிறம். வெளிறிய கோடும் கருத்த கோடுமாக, மரத்தின் வருட வளையம்போல். தண்ணீர் தொட்ட உயரம்வரை இரண்டு சுவர்களிலும், தரையிலும். கொலோன்காரர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே ஒரு கல் யாருக்கும் தெரியாமல் தடித்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை பிறந்து, கிழவனாகி, இறக்கும் காலத்தில் நான்கு விரல் கனம்.

ஏறக்குறைய 180 ஆண்டுகள். பல இடங்களில் படிவு 20 சென்டிமீட்டரையும் தாண்டியது. 70 சென்டிமீட்டர் அகலத்தில் இரு பக்கமும் 20 போனால் மிச்சம் 30. அந்த இடுக்கிலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. க்ரொய்ட்ஸ்வைன்கார்ட்டன் ஊரில் திறந்து வைத்திருக்கும் ஒரு துண்டில் இதைப் பார்க்கலாம்: வெளியே சாம்பல் நிறச் சாந்துக் கட்டு, அதற்குள் செங்கல் சாந்தின் இளஞ்சிவப்புக் கோடு, அதற்கும் உள்ளே பழுப்புக் கல். மனிதன் கட்டிய சுவருக்குள் தண்ணீர் கட்டிய சுவர்.

260 வாக்கில் எல்லைக்கு அப்பாலிருந்து ஃப்ராங்க் குடிகள் பாய்ந்து வந்தபோது கால்வாய் உடைந்தது. அதன்பின் அதைச் சீராக்கவில்லை. நகரம் பழைய, பக்கத்து ஊற்றுகளுக்குத் திரும்பியது. ஐஃபெல் தண்ணீர் அதனதன் பள்ளத்துக்கு வழிந்துபோக, கால்வாய் காய்ந்தது. அதனுள் வளர்ந்த கல்லும் அன்றோடு வளர்வதை நிறுத்தியது. மேலே வேர் இறங்கியது. வயல் உழுதார்கள். அது எதற்காக இருந்தது என்பதே மறந்து போனது.

மறதியில் கதை முளைக்கும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொலோன் பேராயர் அன்னோவைப் போற்றி எழுதிய 'அன்னோலீட்' என்ற பழைய ஜெர்மன் செய்யுள் நூல், இந்தக் கல் வாய்க்காலில் ட்ரியர் நகரிலிருந்து கொலோனுக்குத் திராட்சை மது ஓடியதாகச் சொல்கிறது. தண்ணீருக்காக இவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று அவர்களால் நம்ப முடியவில்லை போலும். அதற்கும் பின்னால் இன்னொரு கதை: கொலோன் பேராலயத்தைக் கட்டத் தொடங்கிய தலைமைக் கொத்தர் ஜெர்ஹார்டோடு சாத்தான் பந்தயம் வைத்தானாம். நீ ஆலயத்தை முடிப்பதற்குள் நான் ட்ரியரிலிருந்து இங்கே கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று. சாத்தான் ஜெயித்தான். கொத்தர் சாரத்திலிருந்து குதித்துச் செத்தார். பேராலயம் தொடங்கியது 1248இல், முடிந்தது 1880இல். கதை சொன்னவர்கள் முடிக்காத கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கதைகள் உலவிய காலத்திலேயே, அதே கால்வாயைக் கடப்பாரையோடு திறந்தவர்களும் இருந்தார்கள். கட்டடம் எழுப்புகிறவனுக்கு அது கல் சுரங்கம். வெட்ட வேண்டாம், ஏற்கெனவே வெட்டி அடுக்கிய கல். ரைன்பாஹின் கோட்டையும் நகர மதிலும் பெருமளவு கால்வாய்க் கற்களால் ஆனவை. ஸ்விஸ்ட் பாலத்தின் 295 வளைவுகளும் இப்படித்தான் சுற்றுவட்டாரத்து மதில்களுக்குள் கரைந்தன. வயலில் ஒரு நீண்ட மேடு மட்டும் பாலம் போன கோட்டைக் காட்டுகிறது.

அப்படித் தோண்டிய யாரோ ஒருவர் கண்ணில் அந்தப் பழுப்புக் கல் பட்டது. பெயர் தெரியாத அந்தக் கல்தச்சரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சாதாரணச் சுவர்க்கல்லுக்காகத் தோண்டியவர், கால்வாய்ச் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து வர, உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்திருப்பார். கொஞ்சம் தேய்த்தார், மெருகு ஏறியது. ரேகை ரேகையாக நிறம் எழுந்தது.

அதன் மதிப்பு புரிய, அந்தக் காலத்தில் வடக்கே பளிங்கு எவ்வளவு அரிது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தன் ஆஹன் ஆலயத்துக்குத் தூண் வேண்டுமென்று சார்லமேனே ரோமிலிருந்தும் ராவென்னாவிலிருந்தும் வரவழைத்தார். வேறெங்கும் கிடைக்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் சொல்கிறார். 12ஆம் நூற்றாண்டில் ரைன் நாட்டில் ஆலயத்துக்கு மேல் ஆலயமாக எழும்பியது. எல்லாருக்கும் மெருகேறும் சிறு தூண்கள் தேவைப்பட்டன, இத்தாலிக்குப் போய்வர யாருக்கும் வழியில்லை. இங்கே வீட்டுக்குப் பின்னாலேயே, மண்ணுக்கு ஒரு மீட்டர் கீழே, மீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தது.

வேலை சுலபமல்ல. படிவு எங்கே தடிமனாகவும் விரிசலின்றியும் இருக்கிறதோ அங்கேதான் தூண் கிடைக்கும். கால்வாய் வளைவைத் தூக்கிவிட்டு, பக்கச் சுவரிலிருந்து படிவை நீளமான பாளமாகப் பெயர்க்க வேண்டும். பாளத்தின் கனம்தான் தூணின் பருமனுக்கு எல்லை. ஆகவே தூண்கள் ஒல்லியாகவே அமைந்தன. கால்வாயில் படுத்துக் கிடந்த வாக்கிலேயே அறுத்து, நிமிர்த்தி நிறுத்தினார்கள். அதனால்தான் இந்தத் தூண்களில் கோடுகள் கீழிருந்து மேலாக ஓடுகின்றன. அவற்றை அடையாளம் காண்பதும் அதனால்தான் எளிது. கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணினால் தூணின் குறுக்கே ரோமானிய ஆண்டுகள் நகரும்.

அப்படித்தான் தண்ணீர் போகாத ஊர்களுக்கெல்லாம் கல் போயிற்று. ஐஃபெலின் எரிமலை ஏரிக் கரையிலுள்ள மரியா லாஹ் மடாலயத்துக்குப் போனது பக்கத்துப் பயணம். பாடர்போர்ன் பேராலயத்துக்கும் ஹில்டஸ்ஹைம் பேராலயத்துக்கும் கிழக்கே நெடுவழி. கடலும் தாண்டியது. டென்மார்க் மன்னர்களை அடக்கம் செய்யும் ரோஸ்கில்ட பேராலயத்தில் சில கல்லறைப் பலகைகள் இந்தக் கால்வாய்க் கல்தான். வடக்கே அது போய்ச் சேர்ந்த கடைசி இடமாக நமக்குத் தெரிவது அது. கொலோன் மக்களின் தொண்டைக்கென்று புறப்பட்டது, பால்டிக் பக்கத்து ஊரில் இறந்தவர்களின் மேல் போய்ப் படுத்தது.

தூணுக்கும் பலகைக்கும் ஆகாத துண்டுகளைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்குவது எந்தக் காலத்துக் கொத்தனுக்கும் தெரிந்த வேலை. சுண்ணாம்புச் சூளை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பாட் ம்யூன்ஸ்டர்ஐஃபெல் அருகே இவர்ஸ்ஹைமில் ரோமானியப் படையினர் வரிசையாகச் சூளைகள் நடத்தினார்கள். 1966இல் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன. ஒரு தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டியவர்கள் பழைய சுண்ணாம்பைக் கண்டார்கள் என்பது இந்தக் கதைக்கு மிகவும் பொருந்தி வருகிறது. 2021இல் கீழை ஜெர்மானிய எல்லைக்கோடு உலகப் பாரம்பரியச் சின்னமானபோது இந்தச் சூளைகளும் அதில் சேர்ந்தன.

கால்வாயை மறுபடி கால்வாயாகப் பார்க்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். 1867இல் கார்ல் அன்டன் ஐக் தடத்தை நடந்து தேடி ஒரு நூல் வெளியிட்டார். 1971இல் வால்டெமார் ஹாபெரை என்பவர் இதைப் பற்றி எழுதினார். 1986இல் க்ளவுஸ் க்ரேவ முழுத் தடத்தையும் நிலப்படத் தொகுப்பாகக் கொண்டுவந்தார். இடைக்காலத்து ஆலயங்களில் சிதறிக் கிடக்கும் கல்லைத் தேடிக் கணக்கெடுப்பதிலும் அவர் பங்கு பெரிது. இன்று வழியில் பல ஊர்களில் கால்வாயின் ஒரு துண்டை அப்படியே அறுத்தெடுத்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னாலோ சதுக்கத்திலோ வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் இப்படி விட்டது நல்ல காரியம் என்று நினைக்கிறேன். குனிந்து நுழைந்தால்தான் 70 சென்டிமீட்டர் என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரியும்.

2021 ஜூலை நடுவில் பெய்த பேய்மழையில் உர்ஃப்டும் எர்ஃப்ட் ஆறும் ஸ்விஸ்டும் ஊருக்குள் புகுந்தன. பாட் ம்யூன்ஸ்டர்ஐஃபெலின் பழைய தெரு ஆறாகிக் கிழிந்தது. உயிர்கள் போயின. கொலோனிலிருந்து கால், நெட்டர்ஸ்ஹைம் வழியாக ட்ரியர் போகும் ரயில் பாதையைப் பல இடங்களில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பள்ளத்தாக்குகளை இப்போது நடந்து கடக்கும்போது, ரோமானியர் ஏன் தண்ணீரை அடிவாரத்தில் விடாமல் சரிவின் இடுப்பிலேயே சுமந்து வந்தார்கள் என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றுகிறது. வாட்டத்துக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் ஆற்றோடு மல்லுக்கட்டாத உயரம் அது என்பதும் தெரிகிறது.

நெட்டர்ஸ்ஹைமுக்கு மேலே, குன்றின்மேல் ஒரு சிறு ரோமானியக் கோயில் இடம் உண்டு. மூன்று தாய்த் தெய்வங்கள், இருவர் தலையில் அகன்ற வட்டத் தலைப்பாகை, நடுவில் இருப்பவள் அவிழ்த்த கூந்தலோடு. மடியில் கனிக்கூடை. நடந்து வருபவர்கள் இன்றும் அங்கே பூவோ ஆப்பிளோ வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கிருந்து இறங்கி, ஆற்றோரமாகவே போனால் மறுபடி க்ரூனர் ப்யூட்ஸ்.

தொட்டியில் குனிந்து பார்த்தால் கண்ணாடித் தண்ணீர். 260க்குப் பிறகு அதற்குக் கொலோனில் வேலை இல்லை. சரிவிலிருந்து கசிந்து, பவளத்தில் கொஞ்சத்தைக் கரைத்துச் சுமந்துகொண்டு, பத்தடி தள்ளி ஓடும் உர்ஃப்டில் சேர்கிறது. உர்ஃப்ட் ரூரிலும், ரூர் மாஸிலும் கலக்கின்றன. மேட்டைத் தாண்டாமல், பழைய வழியிலேயே, நெதர்லாந்துக்குப் போகிறது.